அப்பா விட்டுப்போன பணம்: எந்த நல்ல காரியத்துக்குக் கொடுப்பது?

தாமிரபரணிக்காரி | 9 பிப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எட்டு லட்சத்தை மட்டும் தொடாமல் வங்கியில் போட்டுவைத்து, "இதோட வட்டி நம்ம காசு இல்ல, யாருக்காவது போய்ச் சேரணும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஐம்பத்தாறாயிரம் வரும்.

இப்போது வீட்டில் மூன்று பேர், மூன்று பேச்சு. அம்மாவுக்கு, கோயிலில் அன்னதானம். அண்ணனுக்கு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஏனென்றால் அப்பாவைக் கொண்டுபோனது குடல் புற்று. எனக்கு, யாராவது ஒரு பெண்பிள்ளையின் படிப்பு. சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். மூன்றாகப் பங்கு வைத்துவிடலாம் என்கிறான் அண்ணன். அப்படிச் செய்தால் எங்கள் மூன்று பேர் மனசும் ஆறும், சரி, ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருகிற இடத்தில் என்ன நடக்கும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நீங்களெல்லாம் எதைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்?

கணக்கன் | 9 பிப்ரவரி

அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் முதலில் காகித சமாச்சாரம். நன்கொடைக்கான வரிக் கழிவு பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான், புதிய முறைக்குப் போயிருந்தால் அது கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. வாங்கிக்கொண்ட அறக்கட்டளை வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டி அதற்கான சான்றிதழை எடுத்துத் தர வேண்டும். அச்சடித்த ரசீதை நீட்டிவிட்டு இதைக் கேட்டால் மழுப்புகிற இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி என் கருத்து. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பதை நம் ஆட்கள் வாங்குகிறவனின் யோக்கியதையைப் பார்ப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பாத்திரத்தில் ஏற்கனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் அதில் அடக்கம்தானே? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பணம் கட்டுகிற நோயாளிகளின் வருமானத்திலேயே இலவச அறுவைகளும் நடக்கிற மாதிரி அமைத்தார், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை 1992ல் ஆரோலேப் மூலம் அவர்களே தயாரிக்க ஆரம்பித்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். நான் கும்பிடுகிற இடம் அது. ஆனால் என் பத்தாயிரம் அங்கே போய் எதையும் மாற்றப்போவதில்லை, அவர்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். நல்ல வேலை நடக்கிற இடமும் உங்கள் பணம் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகிற இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது, நீங்கள் தேட வேண்டியது இரண்டாவதை.

மூன்றாகப் பிரிக்காதீர்கள். பதினெட்டாயிரம் பதினெட்டாயிரமாகப் போனால் மூன்று ரசீது வரும், அவ்வளவுதான்.

சிவகாமி நேசன் | 10 பிப்ரவரி

தங்கச்சி, அம்மாவின் பக்கம் பேச ஒருவராவது வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்னதானம் என்றாலே படித்தவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே சாப்பிட வருகிறவனிடம் நீ யார், என்ன சாதி, நிஜமாகவே பசியா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காரியத்துக்குக் கொடுப்பதென்றால் விண்ணப்பம், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று வாங்குகிறவன் தன் ஏழ்மையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவன் இலையை மட்டும் பார்த்தால் போதும். வேலை போன சமயத்தில் நான் ஏழு மாதம் திருச்சியில் கோயில் சாப்பாட்டில்தான் மதியத்தை ஓட்டினேன், வீட்டில் யாருக்கும் தெரியாது, இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மலர் | 10 பிப்ரவரி

படிப்பு என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு வருடம் காப்பாளராக இருந்தேன், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பிறந்தநாள் கொண்டாட ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்களிடம் நாற்பத்திரண்டு பிள்ளைகள். கேக் வரும், பிரியாணி வரும், முன்பின் தெரியாத ஒரு குட்டிப் பையனுக்கு இந்த நாற்பத்திரண்டும் வரிசையில் நின்று கைதட்டிப் பாடும். சில ஞாயிறுகளில் மூன்று பிறந்தநாள். மூன்றாவது கேக் வெட்டும்போது ஐந்தாவது படிக்கிற ஒருத்தி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், எனக்கு எப்போ மிஸ் பர்த்டே?" என்று கேட்டாள். அவளுடைய பதிவேட்டில் ஆண்டு மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. வந்தவர்கள் நல்லவர்கள்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ரசத்துக்குப் பருப்பு இருக்காது, மாத்திரை வாங்கக் காசு இருக்காது, கணக்கு சொல்லித்தர ஒரு டியூஷன் டீச்சரை வைக்க முடியவில்லை, ஏனென்றால் சம்பளத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். கேக்குக்குக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. எங்கள் இல்லத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள், சோறு போட முடியாமல்தான் கொண்டுவந்து விட்டார்கள். மிஷன் வாத்சல்யா என்று அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், குழந்தை வீட்டிலேயே இருந்து படிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இது தெரியாத தாய்மார்கள்தான் அதிகம். ஒரு தாய்க்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, கூடப் போய்வருகிற பஸ் செலவை ஏற்றுக்கொண்டீர்கள் என்றால் நீங்கள் செலவழிப்பது சில நூறு ரூபாய், அந்தப் பிள்ளை அம்மா பக்கத்தில் தூங்கும். இல்லத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு செய்த இல்லமா என்று கேளுங்கள், பதிவு எண் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் இருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

தாமிரபரணிக்காரி | 10 பிப்ரவரி

மலர் அக்கா, அந்தப் பிள்ளைக்கு அப்புறம் பிறந்தநாள் கொண்டாடினீர்களா? நானும் காலேஜ் படிக்கும்போது தோழிகளோடு போய்க் கேக் வெட்டியிருக்கிறேன்.

மலர் | 10 பிப்ரவரி

கொண்டாடினோம். அவளையே ஒரு தேதி சொல்லச் சொன்னேன், ஜூன் 5 என்றாள். இப்போது நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், சான்றிதழிலும் அந்தத் தேதிதான்.

கீச்சாங்குப்பம் | 11 பிப்ரவரி

சுனாமி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. 2004 டிசம்பர் 26, அதற்கு மறுநாளிலிருந்தே நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. சாலை ஓரம் முழுக்க மலை மாதிரி கொட்டிக் கிடந்தது, ஆடுமாடு அதன் மேல் ஏறி நடந்தது, மழைக்கு நனைந்து நாற்றமெடுத்தது. பட்டுச் சட்டை, கோட்டு, ஹீல்ஸ் வைத்த செருப்பு ஒற்றைக் கால். எங்கள் ஜனம் பிறத்தியார் கட்டிய துணியைத் தொடாது, சாவு வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அனுப்பியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஸ்டவ், அலுமினியக் குண்டான், பெண்களுக்கு உள்ளாடை, மாதவிலக்குத் துணி. என் அத்தைக்கு மூன்றாம் நாள் அதுதான் வேண்டியிருந்தது, கேட்க வாய் வராமல் முகாமின் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தார். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா மட்டும் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு என்ன வேணும் என்று கேட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய் மறுநாள் வாங்கி வந்தார். இருபது வருஷம் ஆச்சு, அந்த அம்மாவின் கைப்பை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

கஜா புயலின்போதும் (2018 நவம்பர்) இதே கதைதான், மெயின் ரோட்டு ஊருக்கு ஒரே நாளில் பத்து வண்டி மெழுகுவத்தி வந்தது, உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊருக்குத் தார்ப்பாய் ஒன்றுகூட வரவில்லை. அப்போது நாங்கள் பைக்கில் உள்ளே போய்க் கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். உங்கள் வீட்டில் மூன்று பேரும் கொடுக்கிறவர்களின் மனசைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது, தப்பாக நினைக்காதீர்கள். எந்த இடம் என்றாலும் முதலில் அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள்.

இரவுப்பணி | 12 பிப்ரவரி

நான் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு ஸ்டாஃப் நர்ஸ். அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. சொந்த வீட்டில் பட்ட வலியிலிருந்து கொடுப்பதைச் சின்னதாக நினைக்காதீர்கள். அடையாறு மருத்துவமனையே அப்படி வந்ததுதான். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார், அந்த ஆற்றாமைதான் 1954ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த ஒரு மருத்துவமனையாக ஆனது.

ஆனால் மருத்துவம் என்றால் எல்லோரும் ஆபரேஷனுக்கும் ஊசிக்கும்தான் கொடுக்கிறார்கள். எங்கள் பிரிவில் சிகிச்சை இலவசம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிடும். அப்புறமும் ஆட்கள் வராமல் போகிறார்கள். ஏன்? ஒருவர் இருக்கிறார், கொத்தனார், முப்பத்தெட்டு வயது. வாரம் மூன்று நாள் வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில். அவருக்குக் கிடைத்தது காலை ஆறு மணி ஷிப்ட், அந்த நேரத்துக்கு அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது, ஆட்டோவுக்கு முந்நூறு. வேலைக்கும் போக முடியாது, கூட வருகிற மனைவிக்கும் அன்றைய கூலி போச்சு. ஒருவாரம் அவரைக் காணோம். அப்புறம் வந்தார், கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க. ஏண்ணே வரல என்றால், "பாப்பாவுக்கு நோட்டு வாங்கிட்டேன் சிஸ்டர்" என்கிறார். எந்தத் திட்டத்திலும் அந்த ஆட்டோக் காசு இல்லை. நாங்கள் நர்ஸுகள் ஆறு பேர் மாதம் ஐந்நூறு போட்டு ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம், பத்தாம் தேதிக்குள் காலி.

கணக்கன் | 12 பிப்ரவரி

சிஸ்டர், நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு ஒரு ஊசி சுமார் 16 கோடி என்று 2021 வாக்கில் தமிழ்நாட்டிலேயே சில குழந்தைகளுக்கு ஊர் கூடி நிதி திரட்டினார்கள். என் அலுவலகத்தில் எல்லோரும் கொடுத்தார்கள், நானும் ஆயிரம் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 16 கோடியை முந்நூறால் வகுத்துப் பாருங்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் ஆட்டோ சவாரி. அந்தக் குழந்தையின் முகம் போனில் வந்தது, கொத்தனாரின் முகம் வரவில்லை. நம் கருணை முகம் தெரிகிற பக்கமே சாய்கிறது, அதனால்தான் கொஞ்சம் கணக்கும் வேண்டும் என்கிறேன்.

இரவுப்பணி | 13 பிப்ரவரி

கோபம் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் இந்த வகுத்தலைச் சொல்ல முடியுமா? வார்டில் இருக்கும்போது யாருக்கு முதலில் என்று நானும் தினம் முடிவு செய்கிறேன், எண்ணிப் பார்த்துத்தான் செய்கிறேன். ஆனால் அந்த ஆயிரத்தைக் கொடுத்ததற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மருந்துக்கு 16 கோடி விலை வைக்க விடுவதுதான் தப்பு, பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் மேல் அந்தத் தப்பைச் சுமத்தாதீர்கள். எண்ண வேண்டியது நிதானமாக வருஷா வருஷம் கொடுக்கப்போகிற பணத்துக்கு. இந்தத் தங்கையின் பணம் அந்த வகை. திடீரென்று கண்முன் வந்து நிற்கிற ஆளுக்குக் கொடுப்பது வேறு, அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன் | 13 பிப்ரவரி

சரி. அந்தப் பிரிவினை எனக்குத் தோன்றவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் டப்பாவுக்கு மாதம் இரண்டாயிரம் நான் தருகிறேன், தனிமடலில் விவரம் அனுப்புங்கள். ரசீது வேண்டாம்.

வடமராட்சி | 15 பிப்ரவரி

வணக்கம் தங்கச்சி. நான் இலங்கையில பருத்தித்துறைப் பக்கம், இப்ப கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறன். எங்கட பக்கத்திலயும் இதே கதைதான் நடக்குது, அளவு மட்டும் பெரிசு. வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் அள்ளிக் குடுக்குது, அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது, போருக்குப் பிறகு எத்தனையோ குடும்பம் நிமிர்ந்தது அந்தக் காசிலதான். ஆனால் காசு போற வழியைப் பாருங்கோ. லண்டனிலயும் டொராண்டோவிலயும் பழைய மாணவர் சங்கம் வைச்சிருக்கிறது யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள். படிச்சு வெளிநாடு போனவை அங்க படிச்சவைதானே. அதால ஏற்கனவே எல்லாம் உள்ள பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் வளைவு, மண்டபம். முல்லைத்தீவில உள்ளுக்குள்ள இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கமே இல்லை, அங்க படிச்ச பிள்ளையள் எங்க போய்ச் சேர்ந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்.

வாழ்வாதாரம் எண்டு குடுக்கிறதையும் சொல்லவேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, புருசன் 2009ல காணாமல் போனவர். ஒரு அமைப்பு வந்து இருபத்தைஞ்சு கோழிக்குஞ்சு குடுத்து, போட்டோவும் எடுத்திட்டுப் போச்சுது. கூடும் இல்லை, தீனுக்குக் காசும் இல்லை. பத்து நாளில கீரியும் நாயும் பிடிச்சது போக ஏழு மிச்சம். அடுத்த அமைப்பு தையல் மெசின் குடுத்தது. அந்த ஒழுங்கையில அது நாலாவது மெசின், ஆர் ஆருக்குத் தைக்கிறது? கடைசியா ஒரு பெடியன் டென்மார்க்கில இருந்து வந்தவன், அவவின்ர வாசல் படியில குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டான், என்னக்கா வேணும் எண்டு. கிணத்தில உப்பில்லாத தண்ணி இருக்கு, நீர் இறைக்கிற மோட்டரும் வேலியும் இருந்தால் மிளகாய் வைப்பன் எண்டு சொன்னா. வைச்சா. இப்ப தூளும் இடிச்சு விக்கிறா. அவன் அதோட நிக்கேல்லை, அடுத்த மூண்டு வருசமும் வந்து பார்த்தவன்.

உட்லண்ட்ஸ் | 15 பிப்ரவரி

சிங்கப்பூரிலிருந்து. சின்னத் தகவல் மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்பதென்றால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. என்னைப் போலக் குடியுரிமை மாற்றிக்கொண்டவர் கொடுத்தால் வரும், அந்த அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இருந்தாக வேண்டும். நான் இது தெரியாமல் ஊரில் ஒரு சின்ன டிரஸ்டுக்கு அனுப்பப்போய், அவர்கள் பயந்து திருப்பி அனுப்பினார்கள்.

கீச்சாங்குப்பம் | 16 பிப்ரவரி

தங்கச்சி, உங்கள் அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடம் அங்கேதானே இருக்கிறது? போன வருஷம் மதுரை கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் ஏழு கோடி மதிப்புள்ள நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது நினைவிருக்கும், பள்ளியை உயர்த்த என்ன தடை என்று தெரிந்து நிலத்தைக் கொடுத்தார். ஒருதடவை போய்விட்டு வாருங்கள்.

தாமிரபரணிக்காரி | 6 ஜூலை 2025

மன்னிக்கவும், நாலு மாதமாகப் பதில் எழுதவில்லை. மார்ச்சில் அம்மாவும் நானும் அண்ணனும் அப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியை எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார், நாங்கள் எதுவும் தருகிறோம் என்று சொல்லவில்லை, என்ன குறை என்று மட்டும் கேட்டோம். முதலில் ஒன்றும் இல்லை, எல்லாம் இருக்கிறது என்றார். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, காலை உணவு வருகிறது, சீருடை, புத்தகம் எல்லாம் அரசு கொடுத்துவிடுகிறது. அம்மாதான் எழுந்து சுற்றிப் பார்க்கப் போனார். பெண்பிள்ளைகளின் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி கட்டிக்கொடுத்தது, சுவரில் பளிங்குக் கல்லில் அவர்கள் பெயர், டைல்ஸ் இன்னும் பளபளவென்று இருக்கிறது. மோட்டார் எரிந்துபோய் ஒரு வருடம், சுத்தம் செய்கிறவருக்கு வந்துகொண்டிருந்த சொற்பச் சம்பளமும் மாதக்கணக்கில் தாமதமாகி அவர் நின்றுவிட்டார். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருந்தது, கழுவுகிறவருக்குக் கொடுக்க ஆள் இல்லை. மலர் அக்கா சொன்ன டியூஷன் டீச்சர் ஞாபகம் வந்தது.

ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளையிடம் அம்மா, "தண்ணி பாட்டில் நிறைய அப்படியே இருக்கே, குடிக்கலையா?" என்று கேட்டார். "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன் பாட்டி" என்றாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது, அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டியில் திரும்பும்போது அன்னதானம் பேச்சையே அம்மா எடுக்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஊரிலேயே ஓர் அக்காவை மாதம் 3,500 சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு 42,000. மிச்சப் பதினாலாயிரத்தில் முதல் வருடம் மோட்டார் சரிசெய்தது போக பினாயில், துடைப்பம், பெண்பிள்ளைகளுக்கு நாப்கின். ஐந்து வருடத்துக்கு இதை மாற்றுவதில்லை என்று மூவரும் பேசிக்கொண்டோம். சம்பளம் என்பதால் நடுவில் நிறுத்தினால் கொடுக்காமலே இருந்ததைவிட மோசம். சிவகாமி அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஐப்பசித் திதியன்று அம்மா தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து கோயிலில் நூறு பேருக்குச் சாப்பாடு போடப்போகிறார், அது அவர் கணக்கு, யாரும் குறுக்கே பேசுவதில்லை. அண்ணன் இரவுப்பணி சிஸ்டரின் டப்பாவுக்கு மாதம் ஆயிரம் போடுகிறான்.

ஜூன் 2ல் பள்ளி திறந்தது. நேற்று தலைமை ஆசிரியை போன் செய்தார். மதியத்துக்குள் தண்ணீர்ப் பானையை இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருக்கிறதாம், இன்னொரு பானை வாங்கலாமா என்று கேட்டார்.